சிறு குழந்தைகளுக்கான கணினிவழிக் கணக்குத் தேர்வை எல்லோரும் எழுதத்தக்கதாக வடிவமைக்கும் முறை

47 + 38 என்ற கணக்குக்குத் திரையில் ஒரு குழந்தை 58 என்று விடை தந்தால், அதற்குக் கூட்டத் தெரியவில்லை என்று கணினி பதிவு செய்துவிடுகிறது. அந்தக் குழந்தையோ வகுப்பில் கற்றபடியே முதலில் ஒன்றுகளைக் கூட்டி 5 எழுதி, ஒரு பத்தை இனமாற்றி, பிறகு பத்துகளைக் கூட்டி 8 எழுதியிருக்கலாம். நோட்டில் என்றால் இரண்டாவது இலக்கத்தை முதல் இலக்கத்துக்கு இடப்பக்கம் எழுதியிருக்கும்; திரையில் உள்ள விடைப்பெட்டி எதைத் தட்டினாலும் வலப்பக்கமாகவே சேர்த்துக்கொண்டு போகிறது. குழந்தை சரியாகத்தான் கணக்குப் போட்டது. பெட்டிதான் விடையைப் புரட்டியது.

இதில் பார்வைக் குறைபாடோ கை நடுக்கமோ எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் எழுதத்தக்க தேர்வு என்றதும், மாற்றுத்திறன் கொண்ட சில குழந்தைகளுக்காகத் தேர்வு தயாரான பிறகு ஒட்டவைக்கும் வசதி என்றே பலரும் எண்ணுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பாடத்திட்டத்திலும் தேர்வுமுறையிலும் தக்க மாற்றங்கள் செய்வதை அரசின் கடமையாக வைத்திருக்கிறது. அந்தக் கடமையை நிறைவேற்றும் மிகச் சிறந்த இடம் வினாவை எழுதும் மேசைதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்குத் தமிழ்வழியில் கணினியிலோ டேப்லெட்டிலோ கணக்குத் தேர்வு தயாரிக்கும் ஆசிரியர்களையும் மென்பொருள் எழுதுவோரையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

ஒவ்வொரு வினாவும் எதை அளக்கிறது?

ஒரு வினாவைத் திரைக்குக் கொண்டுவருவதற்கு முன், அது எந்தத் திறனை அளக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி வையுங்கள். 'இரண்டிலக்க எண்களை இனமாற்றத்துடன் கூட்டுதல்' என்பது போல அந்த வாக்கியம் குறுகியதாக இருக்கட்டும். அதில் இடம்பெறாத எந்தத் திறனையும், அதாவது நீண்ட வாக்கியத்தை வாசிப்பது, மவுஸை இழுப்பது, நிறங்களைப் பிரித்தறிவது, விரைந்து செயல்படுவது ஆகிய எதையும், விடையளிப்பதற்கான நிபந்தனையாக வைக்கக் கூடாது. அந்த வாக்கியத்தில் உள்ள திறனைக் குழந்தைக்குப் பதிலாகக் கணினியே செய்து கொடுத்துவிடவும் கூடாது. இனி வரும் முடிவுகள் அனைத்தும் இந்த இரண்டு வரம்புகளுக்கு நடுவில்தான் அமைகின்றன.

இது எளிதாகத் தோன்றினாலும் நடைமுறையில் நுட்பமானது. முதல் வகுப்பு வினா ஒன்றில் ஏழு மாம்பழங்களின் படத்தைக் காட்டி, 'எத்தனை மாம்பழங்கள் உள்ளன?' என்று கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். படங்களுக்கெல்லாம் மாற்று விளக்கம், அதாவது படத்தைச் சொற்களில் விவரிக்கும் குறிப்பு, எழுத வேண்டும் என்ற விதியை மட்டும் மனத்தில் கொண்டு 'ஏழு மாம்பழங்கள்' என்று எழுதினால், திரையில் உள்ளதை ஒலியாக வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் அதை உரக்கச் சொல்லிவிடும். எண்ணும் வேலை முடிந்துபோகும். 'மாம்பழங்களின் படம்' என்று மட்டும் எழுதினால் பார்வையற்ற குழந்தைக்கு எண்ணுவதற்கு எதுவும் இல்லாமல் போகும். ஒவ்வொரு மாம்பழத்தையும் தனித்தனிப் படமாக வைத்து, விசைப்பலகையின் அம்புக்குறியை அழுத்தும்போதெல்லாம் 'மாம்பழம்' என்ற ஒரு சொல் மட்டும் ஒலிக்கும்படி அமைத்தால், குழந்தை கேட்டுக் கேட்டு எண்ணும். 'பட்டியலில் 7 உருப்படிகள்' என்று திரைவாசிப்பானே எண்ணிக்கையை அறிவித்துவிடாதபடி, அந்தப் படங்களைப் பட்டியலாகக் குறிக்காமல் விடுவதும் இதில் அடங்கும்.

மாற்று விளக்கம் எழுதும்போதெல்லாம் இதே எச்சரிக்கை தேவை. கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லும் வினாவில் 'நாலரை மணி காட்டும் கடிகாரம்' என்று எழுதாமல், 'சிறிய முள் 4க்கும் 5க்கும் நடுவில் உள்ளது. பெரிய முள் 6இன் மீது உள்ளது' என்று எழுதலாம். உருவத்தின் பெயரைக் கேட்கும் வினாவில் 'மூன்று நேர்ப்பக்கங்கள் கொண்ட மூடிய உருவம்' என்பது பொருத்தமான விளக்கம். பக்கங்களின் எண்ணிக்கையைக் கேட்கும் வினாவில் அதுவே விடையாகிவிடும். ஆகவே ஒரே படத்துக்கு ஒரே விளக்கத்தைச் சேமித்து வைத்து எல்லா வினாக்களிலும் பயன்படுத்துவதற்கு நான் உடன்படமாட்டேன். விளக்கம் படத்தைச் சேர்ந்ததல்ல, வினாவைச் சேர்ந்தது. வினா எழுதிய ஆசிரியரே அதையும் எழுத வேண்டும்.

ஒலியாக வாசித்துக் காட்டும் வசதிக்கும் இது பொருந்தும். வாழ்க்கைக் கணக்கின் வாக்கியங்களை வாசித்துக் காட்டுவதில் எந்தத் தவறும் இல்லை. அங்கே அளக்கப்படுவது வாசிப்பு அல்ல. 'அறுபத்து மூன்று' என்ற எண்ணுக்குரிய எண்ணுருவை 36, 63, 603 ஆகியவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாவில் மட்டும், விடைகளையும் ஒலிக்கச் செய்தால் வினாவே பொருளிழந்துவிடும். எனவே வினாவின் எந்தப் பகுதியை வாசிக்கலாம், எந்தப் பகுதியை வாசிக்கக் கூடாது என்று வினாதோறும் குறித்து வைப்பதற்கு மென்பொருளில் இடம் இருக்க வேண்டும்.

சில வினாக்களை எவ்வளவு முயன்றாலும் திரையின் வழியே பார்வையற்ற குழந்தைக்குக் கொண்டுசேர்க்க முடியாது. சமச்சீர்க் கோட்டைக் கண்டறிவது, கட்டத்தாளில் வடிவத்தின் பரப்பை எண்ணுவது போன்றவை அவ்வகை. அவற்றுக்கு ஈடாக, விரலால் தடவி உணரத்தக்க புடைப்புப் படத்தையோ, மணிகளையோ, பார்வையற்றோர் பள்ளிகளில் கணக்குப் போடப் பயன்படும் டெய்லர் ஃபிரேமையோ கையில் கொடுத்து, விடையை மட்டும் கணினியில் பதிவு செய்யலாம். அதுவும் இயலாத இடத்தில், அதே திறனை அளக்கும் வேறொரு வினாவைத் தேர்வு தயாரிக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். வினாவை நீக்கிவிட்டு மொத்த மதிப்பெண்ணைக் குறைப்பது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

வாக்கியங்கள்

தமிழில் எச்சங்களைத் தொடுத்துக்கொண்டே போனால் ஒரு முழுக் கதையையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடலாம். வாழ்க்கைக் கணக்குகளை எழுதும்போது அதைத்தான் நாம் அடிக்கடி செய்கிறோம். 'அப்பா சந்தையிலிருந்து வாங்கிவந்த 24 கொய்யாப் பழங்களில் அக்காவுக்குக் கொடுத்த 6 போக மீதமிருந்தவற்றை முகிலும் கயலும் சமமாகப் பகிர்ந்துகொண்டால் முகிலுக்குக் கிடைக்கும் பழங்கள் எத்தனை?' என்ற வாக்கியத்தில், வினைமுற்று வரும் வரை எல்லாவற்றையும் குழந்தை நினைவில் சுமக்க வேண்டியிருக்கிறது. 'அப்பா 24 கொய்யாப் பழங்கள் வாங்கினார். அக்காவுக்கு 6 பழங்கள் கொடுத்தார். மீதிப் பழங்களை முகிலும் கயலும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். முகிலுக்கு எத்தனை பழங்கள் கிடைத்தன?' என்று எழுதினால் கணக்கு சிறிதும் எளிதாகிவிடவில்லை. வாசிப்பு மட்டுமே எளிதாகியிருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் தனி வரியில் வைத்தால் கற்றல் குறைபாடுள்ள குழந்தைக்கும், செவித்திறன் குறைந்ததால் தமிழை எழுத்தின் வழியாகவே பெரிதும் கற்கும் குழந்தைக்கும் அது பேருதவியாகும். திருப்பூரில் படிக்கும் வடமாநிலத் தொழிலாளர் வீட்டுக் குழந்தைக்கும், ஓசூரில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைக்கும் அப்படியே.

இந்த எளிமையாக்கத்துக்கும் எல்லை உண்டு. 'மலரிடம் 8 பென்சில்கள் உள்ளன. அவை கதிரிடம் உள்ளவற்றை விட 3 அதிகம். கதிரிடம் எத்தனை பென்சில்கள் உள்ளன?' என்ற கணக்கில் 'அதிகம்' என்ற சொல்லைக் கண்டதும் கூட்டிவிடும் குழந்தைகள் பலர். ஒப்பீட்டைப் புரிந்துகொள்வதே இங்கு அளக்கப்படும் திறன் என்பதால், 'கதிரிடம் 3 குறைவு' என்று மாற்றி எழுதினால் நாம் கேட்க வந்ததையே கேட்காமல் விட்டுவிடுவோம். கடினம் கணக்கிலிருந்து வருகிறதா, சொல்லமைப்பிலிருந்து வருகிறதா என்பதைப் பிரித்துப் பார்க்கும் பொறுமைதான் வினா எழுதுவோருக்கு வேண்டிய முதல் தகுதி.

சைகை மொழியில் வினாவை வழங்க எண்ணுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புது தில்லியில் 2015இல் அமைக்கப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம், பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் மத்திய அமைப்பான என்சிஇஆர்டியுடன் 2020இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி பாடநூல்களைச் சைகை மொழிக்குக் கொண்டுவரும் பணியில் இறங்கியது. அதனால் பாடப்பொருளுக்கான சைகைகள் நிலைபெற வழி ஏற்பட்டிருக்கிறது. ஆயினும் வடிவங்களுக்கான சைகைகள் பெரும்பாலும் அந்த வடிவத்தைக் காற்றில் வரைந்து காட்டுபவை. 'முக்கோணம் எது?' என்று சைகையில் கேட்டால் விடையின் உருவமே கண்முன் வந்துவிடக்கூடும் என்பதால், அத்தகைய வினாக்களின் காணொளியைச் சைகை மொழி ஆசிரியர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

எழுத்துருவும் குறிகளும்

எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமாகிய யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே தரமாக ஏற்றுக்கொண்டது. இருந்தும் பழைய வினாத்தொகுப்புகள் பல பாமினி, வானவில் போன்ற முந்தைய குறியாக்கங்களில்தான் கிடக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அந்த வரிகள் கணினிக்கு ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற கோவையே. திரைவாசிப்பான் அவற்றை அப்படியே உளறும். ஆகவே பழைய வினாக்களை யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருமுறை வாசித்துச் சரிபார்த்த பிறகே பயன்படுத்துங்கள். பக்கம் எந்த மொழியில் உள்ளது என்று கணினிக்குச் சொல்லும் மொழிக் குறியில் தமிழுக்குரிய 'டிஏ' என்ற இரண்டெழுத்து இடப்படவில்லையென்றால், தமிழ்க் குரல் நிறுவப்பட்டிருந்தும் அது வேலைக்கு வராமல் போகலாம்.

கணிதக் குறிகளில் செய்யும் சிறு பிழைகள் பெரிய விளைவைத் தருகின்றன. கழித்தல் குறிக்குப் பதிலாக விசைப்பலகையில் உள்ள இணைப்புக்கோட்டைத் தட்டினால் பல திரைவாசிப்பான்கள் அதைச் சொல்லாமலே கடந்துவிடும். 8 – 3 என்பது '8 3' என்று காதில் விழும். பெருக்கலுக்கு ஆங்கில எழுத்தை இடக்கூடாது. அதற்கென்று உள்ள × குறியையே இட வேண்டும். 5 + ☐ = 12 போன்ற வினாக்களில் விடுபட்ட இடத்தை அடிக்கோடுகளால் காட்டாமல், 'விடுபட்ட எண்' என்று பெயரிட்ட உண்மையான உள்ளீட்டுப் பெட்டியாக வையுங்கள். நான்காம், ஐந்தாம் வகுப்பில் பெரிய எண்கள் வரும்போது 1,25,000 என்று நம் முறையில் காற்புள்ளி இட்டு, அது 'ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம்' என்று ஒலிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பின்னங்களைப் படமாக ஒட்டுவது இன்னும் நிற்கவில்லை. 1998இல் முதன்முதலாக வெளியான மேத்எம்எல் என்ற, கணிதத்தை வலைப்பக்கத்தில் எழுதுவதற்கான குறிமொழியை, 2023 ஜனவரியில் வந்த குரோம் உலாவியின் 109ஆம் பதிப்பிலிருந்து எல்லா முதன்மை உலாவிகளும் காட்டுகின்றன. அதில் எழுதிய பின்னம் பெரிதாக்கினாலும் மங்காது. திரைவாசிப்பானும் அதன் மேலெண்ணையும் கீழெண்ணையும் பிரித்தறியும். ஆனால் வகுப்பில் ஆசிரியர் 2/3 என்பதை 'மூன்றில் இரண்டு பங்கு' என்று கீழெண்ணை முதலில் வைத்துச் சொல்கிறார். கணினி மேலிருந்து கீழாக 'இரண்டு, கோடு, மூன்று' என்று வாசித்தால், பின்னம் அறிந்த குழந்தையும் குழம்பும். ஒலிப்பதிவு செய்த மனிதக் குரலை இந்த வினாக்களுக்கு மட்டுமாவது பயன்படுத்துவது நல்லது.

கண்ணும் கையும்

வலை உள்ளடக்க அணுகல் நெறிகளின் 2.2 பதிப்பை வலைத்தரங்களுக்கான டபிள்யூ3சி அமைப்பு 2023 அக்டோபரில் வெளியிட்டது. அதன்படி எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற நிறக்குறியீட்டு எண்ணுக்குரிய சாம்பல் நிறம் இந்த எல்லையை மயிரிழையில் தொடுகிறது; அதைவிட வெளிறிய எழுத்து எதையும் வினாவில் இடக் கூடாது. வெள்ளையின் மீது மஞ்சள் அறவே ஆகாது. சிவப்பு மணிகளையும் பச்சை மணிகளையும் பிரித்து எண்ணச் சொல்லும் வினாவில், ஒன்றை வட்டமாகவும் மற்றொன்றைச் சதுரமாகவும் வரைந்தால், அந்த இரு நிறங்களின் வேறுபாடு தெரியாத குழந்தையும் எண்ணிவிடும்.

தமிழ் எழுத்துகளில் கொம்பும் காலும் சுழியும் சேர்ந்து வருவதால், ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு நமக்குப் போதாது. ர என்ற எழுத்துக்கும் துணைக்காலுக்கும், ன என்பதற்கும் ண என்பதற்கும் உள்ள வேறுபாடு முதல் வகுப்புக் குழந்தைக்குத் தெளிவாகத் தெரியும்படி எழுத்தைப் பெரிதாகவும், வரிகளுக்கிடையே எழுத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு இடைவெளியுடனும் வையுங்கள். திரையை இரு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் செங்குத்துக் கூட்டலில் ஒன்றுகள் ஒன்றுகளுக்குக் கீழேயே நிற்க வேண்டும். வரி மடிந்து இடமதிப்பு கலைந்தால் அது வேறு கணக்காகிவிடும்.

தொடத்தக்க பொத்தான் எதுவும் 24 பிக்சலுக்குக் குறையக் கூடாது என்பது அந்த நெறிகளின் நடுத்தர நிலை விதி. உயர்நிலை விதி 44 பிக்சல் கேட்கிறது. சிறு குழந்தைகளுக்கு 44க்குக் குறையாமல் வைப்பதையே நான் வற்புறுத்துவேன். இழுத்துக்கொண்டுபோய் விடும் வினாக்கள் காட்சிக்கு அழகானவை. ஆனால் விரலை அழுத்தியபடியே நகர்த்துவது ஐந்து வயதுக் கைக்கும், மூளை முடக்குவாதம் உள்ள கைக்கும் கடினமானது. முதலில் எண்ணைத் தொட்டு, பிறகு அது போய்ச் சேர வேண்டிய இடத்தைத் தொட்டால் போதும் என்ற மாற்றுவழி ஒவ்வோர் இழுவை வினாவிலும் இருக்க வேண்டும், இதையும் 2.2 பதிப்பு விதியாகவே வைத்திருக்கிறது. அதே வேலையை விசைப்பலகையாலும் செய்து முடிக்க முடிய வேண்டும்.

கூட்டல், கழித்தல் விடைகளுக்கு இலக்கத்துக்கு ஒரு பெட்டியாக வைத்து, எந்த வரிசையிலும் நிரப்ப விடுங்கள். 'ஒன்றுகள்', 'பத்துகள்', 'நூறுகள்' என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தால் திரைவாசிப்பானும் அதைச் சொல்லும். ஒன்றுகள் பெட்டியில் எழுதியதும் கர்சர் தானாகப் பத்துகளுக்குத் தாவுவது சிலருக்கு வசதியாகவும் சிலருக்குத் தொல்லையாகவும் இருப்பதால், அதை அணைக்கும் வழியும் இருக்கட்டும். இவை எல்லாம் இருந்தாலும் குழந்தையின் கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். திரையில் கிறுக்கிப் பார்ப்பது தாளில் எழுதுவதற்கு ஒருபோதும் ஈடாகாது.

நேரம்

விரைவு அளக்கப்படும் திறன்களில் ஒன்றாக இல்லாவிட்டால் கடிகாரத்தைத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். விரைவைத்தான் அளக்கிறோம் என்றால் என்ன செய்யலாம் என்பதற்கு இங்கிலாந்தின் வாய்பாட்டுத் தேர்வு படிக்கத்தக்க எடுத்துக்காட்டு. அங்கு நான்காம் ஆண்டுக் குழந்தைகள் 2022 முதல் கட்டாயமாக எழுதும் இத்தேர்வில், 12ஆம் வாய்பாடு வரை 25 வினாக்கள் உண்டு. விடைக்கு 6 நொடி, அடுத்த வினாவுக்கு முன் 3 நொடி இடைவெளி. வினாக்களை ஒலியாகக் கேட்பது, நேரம் முடியப்போவதை ஒலியால் உணர்த்துவது, நிறத்தையும் எழுத்தளவையும் மாற்றுவது, குழந்தை சொல்லும் விடையை இன்னொருவர் தட்டுவது ஆகிய வசதிகள் அதில் உள்ளன. இவற்றுள் எனக்கு மிகச் சிறந்ததாகப் படுவது 'அடுத்து' என்ற பொத்தான். அதை இயக்கினால் குழந்தை ஆயத்தமாகி அழுத்தும் வரை அடுத்த வினா வருவதில்லை. அளக்கப்படும் விரைவைத் தொடாமல், வினாக்களுக்கு நடுவே மூச்சுவிட மட்டும் இடம் தருகிறது. சொந்தத் தேர்வில் நேர வரம்பு வைக்க வேண்டியவர்கள் இந்த முறையைத் தயங்காமல் பின்பற்றலாம். மாற்றுத்திறனாளிகளின் எழுத்துத் தேர்வுகளுக்கு மத்திய சமூகநீதி அமைச்சகம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரச் சொன்னது. சிறுவர் தேர்வில் அதைவிடக் கஞ்சத்தனம் காட்ட எந்த முகாந்திரமும் இல்லை.

மின்வெட்டோ இணையத் துண்டிப்போ ஏற்பட்டால், விட்ட வினாவிலிருந்தே தேர்வு தொடர வேண்டும். ஒலியுடன் கூடிய தேர்வுக்கு ஆளுக்கொரு ஹெட்போன் இல்லையென்றால், பக்கத்துக் கணினியின் ஒலி எல்லோரையும் குழப்பும் என்பதால், குழந்தைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து எழுதச் செய்யுங்கள்.

வெள்ளோட்டம்

தேர்வுக்கு முந்தைய வாரத்தில், மதிப்பெண் இல்லாத பயிற்சித் தேர்வு ஒன்றை எல்லாக் குழந்தைகளும் எழுத வேண்டும். உண்மைத் தேர்வில் வரும் ஒவ்வொரு வினா வகையும் அதில் ஒருமுறையாவது இடம்பெறட்டும். ஒலியைக் கூட்டுவதும் எழுத்தைப் பெரிதாக்குவதும் அன்றே பழகிவிட வேண்டிய வேலைகள்.

அதற்கும் முன்னதாக, தயாரித்தவர்களே மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு விசைப்பலகையால் மட்டும் தேர்வை முடித்துப் பாருங்கள். பிறகு திரையை அணைத்துவிட்டு, கட்டணமின்றிக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானைக் கொண்டு கேட்டுப் பாருங்கள். அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் இயந்திரத்தில் தமிழும் உண்டு. டேப்லெட் என்றால் ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக்கை இயக்குங்கள். தானியங்கிச் சோதனைக் கருவிகள் மாற்று விளக்கம் இருக்கிறதா என்று சொல்லும்; அந்த விளக்கம் விடையைக் காட்டிக்கொடுக்கிறதா என்பதை மனிதர் ஒருவர்தான் சொல்ல முடியும்.

இவற்றுக்குப் பிறகு, சில குழந்தைகளைத் தனித்தனியே அமர்த்தி, அவர்கள் தேர்வு எழுதுவதை அருகிலிருந்து பாருங்கள். பார்வை குறைந்த குழந்தை, மெதுவாக வாசிக்கும் குழந்தை, வீட்டில் கணினியையே தொட்டிராத குழந்தை ஆகியோர் அவர்களுள் கட்டாயம் இருக்க வேண்டும். உதவிக்குப் பாயாமல், விரல் எங்கே தயங்குகிறது, எந்த வரியை மீண்டும் வாசிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். விடை தவறானதும், 'இதை எப்படிச் செய்தாய், சொல்லு பார்க்கலாம்' என்று கேளுங்கள். வாயால் சரியாகச் சொல்லிவிட்டுத் திரையில் தவறிய குழந்தை இருக்குமானால், திருத்த வேண்டியது அந்த வினாவைத்தான்.

திருத்துவதும் பதிவு செய்வதும்

7, 07 இரண்டும் ஒன்றே. 1000, 1,000 இரண்டும் ஒன்றே. எண்ணுக்கு முன்னோ பின்னோ விழுந்த இடைவெளியைப் பொருட்படுத்தக் கூடாது. இவற்றை ஏற்கும்படி திருத்தும் நிரலை முன்னரே அமைத்துவிடுங்கள். சரி, தவறு என்பதோடு நிறுத்தாமல், குழந்தை தட்டிய விடையை அப்படியே சேமித்து வையுங்கள். ஒரே தவறான விடையைப் பல குழந்தைகள் தந்திருந்தால் அதற்குக் கற்பித்தலிலோ வடிவமைப்பிலோ காரணம் இருக்கும். எந்தெந்த உதவிகளைக் குழந்தை பயன்படுத்தியது என்பதையும் பதிவு செய்யுங்கள். அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கவோ, அறிக்கையில் 'உதவியுடன்' என்று முத்திரையிட்டுப் பெற்றோருக்கு அனுப்பவோ கூடாது. ஒலியுடன் எழுதியபோது வாழ்க்கைக் கணக்குகளைச் சரியாகச் செய்த குழந்தைக்கு அடுத்த தேர்விலும் ஒலி வேண்டும். வாசிப்பில் தனிக் கவனமும் வேண்டும். இந்தக் குறிப்பு அந்தக் குழந்தையின் அடுத்த வகுப்பு ஆசிரியர் கைக்குப் போய்ச் சேரும்படி மென்பொருளிலேயே வழி வைத்துவிடுங்கள்.